டீசல் தீர்ந்த படை

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி போடக் கூடாது. வேண்டுதலோ விரதமோ இல்லை. இரும்புக் கட்டிலின் மேல் பலகை போட்டு, அதன் மேல் ஒரு பாலைவனத்தை விரித்து வைத்திருப்போம். அந்தப் பாலைவனத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அட்டைச் சில்லுகள் நானூறுக்கும் மேல் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு படை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அட்டைச் சில்லு எந்த மூலைக்கு? முதல் வருடம் யாரோ ஜன்னலைத் திறந்துவிட, ஒரு பக்கத்துப் படை முழுவதும் கிளம்பிப் போய் அரிசி மூட்டைப் பக்கம் ஒளிந்துகொண்டது. இரண்டு நாள் கழித்து அரிசி களையும்போது என் மனைவியின் கையில் ஒரு பீரங்கிப் படை அகப்பட்டது. தண்ணீர் சொட்டச் சொட்ட அதை என் முன்னால் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அது வெளிநாட்டில் அச்சான போர் விளையாட்டு. ஒரு பெரிய வரைபடம், அதன் மேல் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், இரண்டு பகடை, அறுபது பக்கத்தில் பொடி எழுத்தில் விதிப் புத்தகம். சதுரங்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். சதுரங்கத்தில் குதிரைக்குக் கொள்ளு வைக்க வேண்டியதில்லை. இந்த விளையாட்டில் ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெயும் தண்ணீரும் லாரியில் போய்ச் சேர வேண்டும். லாரிக்கும் எண்ணெய் வேண்டும். ஒரு முறை காய் நகர்த்தி முடிக்க இரண்டு மணி நேரம் கூட்டிக் கழிக்க வேண்டும். ஒரு ஆட்டம் முடிய இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். இதை ஆடுவதற்கு இந்த ஜில்லாவிலேயே இரண்டு பைத்தியங்கள்தான் இருந்தன. ஒருவன் நான். இன்னொருவர் ரிக்காரர்.

ரிக்காரர் என்பது என் மனைவி வைத்த பெயர். திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணயம் பார்க்கும் விவசாயக் குடும்பம். கிணறுகள் வற்ற வற்ற, அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று வாங்கி, அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஆந்திரா, மராட்டியம், மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் பத்து மாதம் வெளியூர். வடக்கே மழை பிடித்துக்கொண்டால் பூமி தோண்ட யாரும் கூப்பிட மாட்டார்கள். வண்டி ஊருக்குத் திரும்பி வேப்ப மரத்தடியில் நிற்கும். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ரிக்காரர்களுக்கு லீவு. எங்கள் போரும் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும்.

நாங்கள் பழக ஆரம்பித்தது எழுபதுகளின் பிற்பாதியில். நான் சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய காகிதம் எடைக்கு எடுக்கும் கடைக்குப் போய் வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கிளறிக்கொண்டிருப்பது என் வழக்கம். அவை மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போவதற்கு முன்னால் நான் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். அன்றைக்கு மூட்டைக்குள் இந்தப் பெட்டி கிடந்தது. திறந்து பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றது. கையில் போதுமான காசு இல்லை. கடைக்காரர் கண்ணில் படாமல் பெட்டியைப் பத்திரிகைகளுக்கு அடியில் தள்ளி ஒளித்துவைக்கப் பார்த்தேன். அப்போது பக்கத்தில் ஒருவர் குனிந்து, கீழே சிந்திய ஒரு சில்லை எடுத்தார். இன்ஜின் துடைக்கக் கழிவுத் துணி வாங்க வந்தவர். வேட்டியெல்லாம் கிரீஸ். சில்லில் ஒரு சின்ன லாரிப் படம் இருந்தது.

"ஏனுங்க, சண்டையில லாரிக்கு என்னங்க வேலை?" என்று என்னைக் கேட்டார்.

படைக்கு டீசல் கொண்டுபோகும் லாரி என்று சொன்னேன். லாரி போகாவிட்டால் படை நின்றுவிடும் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. பத்து மாதம் டீசல் பீப்பாயைத் துரத்திக்கொண்டு அலைகிற மனிதர். தம் பிழைப்பை ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து அட்டையில் அச்சடித்திருக்கிறான் என்றால் சும்மாவா? அங்கேயே காசைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிவிட்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். எனவே பெட்டி அவருடையது, ஆங்கிலம் என்னுடையது என்று கூட்டு ஏற்பட்டது. யார் வீட்டில் பெட்டி இருப்பது என்ற பேச்சு வந்தபோது அவரே ஒரு வழி சொன்னார். ஜெயித்தவர் வீட்டில் அடுத்த ஆடி வரை இருக்கட்டும்.

சிவப்புப் படை எனக்கு, பச்சைப் படை அவருக்கு. பச்சைக்குத்தான் லாரி அதிகம் என்பதால் அவர் அதை விடவே மாட்டார். லாரி அதிகம் என்றால் போக வேண்டிய தூரமும் அதிகம் என்று அர்த்தம். என் சிவப்புப் படைக்குத் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் விதியை மட்டும் இருவருமே விளக்காமல் புரிந்துகொண்டோம். சேலத்துக்குத் தண்ணீர் தரும் பனமரத்துப்பட்டி ஏரி வற்றிய கோடையில் எங்கள் தெருவில் குடத்தோடு நின்றவர்களுக்கு அதெல்லாம் பாடமே வேண்டாம்.

முதல் ஆட்டத்தின் கடைசி ஞாயிறு. ரிக்காரருடைய டாங்கிப் படைகள் ஆறு, என் துறைமுகத்துக்கு நான்கு கட்டம் வரை வந்துவிட்டன. ஆனால் அவருடைய லாரிகள் பின்தங்கிப்போய், அந்த ஆறுக்கும் டீசல் தீர்ந்தது. டீசல் இல்லாத படை நகர முடியாது. நான் மெல்ல இரண்டு பக்கமும் சுற்றி வளைக்க ஆரம்பித்தேன். அவர் நின்றுபோன டாங்கிகளைத் தலையைச் சொறிந்துகொண்டே எண்ணினார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, டீசல் தீந்தா அப்படியே நின்னு சாகணுங்களா? வண்டிய உட்டுட்டு எறங்கி நடக்கக் கூடாதுங்களா? நாங்கெல்லாம் அப்படித்தானுங்க பண்ணுவோம்."

விதிப் புத்தகம் என் மடியில் விரிந்து கிடந்தது. என் விரல் சரியாக அந்தப் பத்தியின் மேலேயே இருந்தது. எண்ணெய் தீர்ந்த படை, வண்டிகளைக் கைவிட்டு, முறைக்கு ஒரு கட்டம் நடந்து பின்வாங்கலாம். தெளிவாக அப்படித்தான் போட்டிருந்தது. அவர் இறங்கி நடந்தால் ஆட்களாவது தப்பிப்பார்கள்; பின்னால் வரும் லாரியோடு சேர்ந்துகொள்வார்கள்; அடுத்த முறை என் துறைமுகம் போய்விடும். பெட்டியும் போய்விடும்.

"புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லையே" என்றேன்.

அவ்வளவுதான். அவர் நம்பிவிட்டார். ஆறு படைகளையும் நான் வாரி எடுத்துப் பெட்டியில் போட்டேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதுவரை ஒரு பேச்சுப் போட்டியில்கூட ஆறுதல் பரிசுக்கு மேல் வாங்கியதில்லை. அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடமே விதிப் புத்தகம் முழுவதையும் தமிழில் ஒரு நீள நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் ரிக் வண்டியில் வைத்துப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தப் பத்தி வந்தபோது பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு அடுத்த பத்திக்குப் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். சோறு வேற்று மொழியில் இருந்தால் ரொம்பச் சுலபம்.

மூன்றாவது ஆடிக்கு அவர் ஒரு சாக்குப் பை நிறைய இரும்பு வாஷர் கொண்டுவந்தார். ரிக் பட்டறையில் கிடந்தவை. நானூறு சில்லுக்கும் அடியில் ஒவ்வொரு வாஷர் வைத்துப் பசை போட்டு ஒட்டினோம். அதன்பின் மின்விசிறி சுற்றியது, என் மனைவி சிரித்தாள், படை காற்றில் பறக்கவில்லை. வரைபடத்தில் காய் நகர்ந்தால் கூடமெல்லாம் சில்லறைச் சத்தம் கேட்கும். நோட்டை அவர் தலைகீழாக ஒப்பிக்குமளவு படித்திருந்தார். எந்த விதி எந்தப் பக்கம் என்று எனக்கே சொல்லித்தருவார். என் மகளைச் 'சாமி' என்று கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, எது லாரி, எது டாங்கி என்று அவளுக்குப் படம் காட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. தட்டில் தட்டுவடை செட், ஜன்னலில் காற்றின் ஊளை, எதிரே தலையைச் சொறிந்துகொண்டு டீசல் கணக்குப் போடும் ஒரு மனிதர். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

ஒன்பது ஆட்டம் ஆடினோம். ஒன்பதும் நான் ஜெயித்தேன். பெட்டி என் வீட்டு அலமாரியை விட்டு நகரவே இல்லை.

தூரத்திலிருந்து வரும் படைக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் டீசல் தீரத்தான் செய்யும். தீர்ந்தால் நிற்கும், நின்றால் சாகும். அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். லாரிகளைப் பிரித்து விட்டார், சேர்த்து விட்டார், டீசலை வழியில் புதைத்து வைத்தார். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டைச் சட்டியில் எவ்வளவு ஊற்றினால் என்ன? தோற்ற ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, "படிச்சவங்க படிச்சவங்கதானுங்க" என்பார். முதலில் அது கேலி. நாலைந்து வருடத்தில் அது அவருடைய நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்து, "என்ன பண்ணலாமுங்க வாத்தியாரே?" என்று கேட்க ஆரம்பித்தார். பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, ரிக்குக்குக் காற்று தரும் கம்பரசர் எதை வாங்குவது, தம்பியோடு பாகம் பிரிப்பதா வேண்டாமா. கேட்கக் கேட்க எனக்கும் தலை கனத்துப்போனது. கம்பரசரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லத்தான் செய்தேன்.

ஒரு வருடம் ராஜஸ்தானுக்கு ரிக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தோடு வந்தார். அங்கே ஆழத் தோண்டினால் தண்ணீர் வருகிறது, ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் கூட வரத் தயார். ஆசை கண்ணில் தெரிந்தது. ஆனால் அவரே தயங்கினார். "பாலைவனத்துல எம்பட லட்சணம் உங்களுக்குத் தெரியுமுங்களே. அட்டையிலயே ஜெயிக்க முடியல" என்றார். நான் மாதச் சம்பளக்காரன். மேட்டூரைத் தாண்டுவதென்றாலே மூன்று நாள் யோசிப்பவன். வேண்டாம் என்று சொன்னேன். அவர் போகவில்லை. பக்கத்து ஊர்க்காரர் போனார்; மூன்றாவது வருடம் அவர் வீட்டு வேப்ப மரத்தடியில் மூன்று ரிக் நின்றது. ரிக்காரர் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. அவரவர் ராசி என்று விட்டுவிட்டார். எனக்குத்தான் அந்த வழியே பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பாலிடெக்னிக்குக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு அறைக்கு ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். அந்த அறைக்குக் கொடுத்த மரியாதையைப் பிரின்சிபாலுக்குக்கூட யாரும் கொடுத்ததில்லை. என்னை ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் சாவி என் கையில். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி செய்துகொள்ளலாம் என்று அனுமதியும் கிடைத்தது. எனக்கு உடனே தோன்றியது எங்கள் பாலைவனம்தான். இரண்டு மணி நேரக் கணக்கை இந்தப் பெட்டி இரண்டு நொடியில் போடுமே!

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து எழுதினேன். வரைபடமும் வாஷர் ஒட்டிய சில்லுகளும் பக்கத்து மேஜையில் இருக்கும். எந்தப் படை எந்தக் கட்டத்துக்கு என்று தட்டினால் கம்ப்யூட்டர் கணக்கை வைத்துக்கொள்ளும். டீசல் எவ்வளவு மிச்சம், தண்ணீர் எவ்வளவு, லாரி போய்ச் சேருமா, சண்டை வந்தால் பலம் யாருக்கு எல்லாம் அதுவே சொல்லும். பகடையும் அதுவே உருட்டும். விதிக்குப் புறம்பாக நகர்த்தினால் முடியாது என்று கீச்சென்று கத்தும். பச்சை எழுத்தில், ஆங்கில எழுத்துக்களை வைத்துத் தமிழில் பதில் சொல்லும்படி எழுதியிருந்தேன். மின்சாரம் போய்ப் போய், எழுதியதெல்லாம் அழிந்து, திரும்ப எழுதி, அந்த மூன்று மாதம் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

எழுதுவதற்காக விதிப் புத்தகத்தை மறுபடி வரிவரியாகப் படித்தேன். அந்தப் பத்தி அங்கேயே இருந்தது. பத்து வருடத்தில் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தது.

இரண்டு ஞாயிறு அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருமுறை வாயால் சொன்ன பொய் வேறு. அந்த மிஷின் ஒவ்வொரு ஆட்டத்திலும் என் பொய்யை அலுக்காமல் சொல்லப்போகிறது என்று நினைத்தால் கூசியது. கடைசியில் ஒரு கோழைத்தனமான வழி கண்டுபிடித்தேன். சரியான விதியைக் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் எழுதிவிடுவது. ரிக்காரர் படை இறங்கி நடக்கும், தப்பிக்கும், ஜெயிக்கவும் ஜெயிக்கும். அவர் சந்தோஷத்தில் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். நான் வாயைத் திறக்காமலே நல்லவனாகிவிடலாம். இப்படித்தான் திட்டம் போட்டேன்.

ஆடி வந்தது. ரிக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, காலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழைவது போல உள்ளே வந்தார். குளிர்ந்த காற்று பட்டதும், இந்த மிஷினுக்கு ஆடிக் காற்றே வேண்டாம் போலிருக்கிறதே என்று வியந்தார். முதல் ஞாயிறு அவருக்கு எல்லாமே அதிசயம். கணக்குப் போட வேண்டாம் என்பது மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். தலையைச் சொறிய ஒன்றுமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது ஞாயிறு முடிந்து, மூன்றாவது ஞாயிறு ஆரம்பித்த கால் மணி நேரத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பகடை போன வாரம் விழுந்தது போலவே விழுகிறது என்றார். முதலில் நாலு, பிறகு இரண்டு, பிறகு இரண்டு முறை ஆறு. அதற்கு முந்தின வாரமும் அப்படித்தானாம். நான் சிரித்தேன். மிஷினை நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். நாலு, இரண்டு, ஆறு, ஆறு. மறுபடி நிறுத்திப் போட்டோம். நாலு, இரண்டு, ஆறு, ஆறு. நான் எழுதியதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் பகடை பழைய வரிசையிலேயே உருண்டிருக்கிறது. ஆறு வாரம் பயிற்சி எடுத்த எனக்குத் தெரியவில்லை. எட்டாவது படித்தவர் மூன்று ஞாயிற்றில் பிடித்துவிட்டார். அந்த நிமிடம் அவரை உற்றுப் பார்த்தேன். இத்தனை கூர்மையான மனிதர் பத்து வருடமாகத் தம்மை மண்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பவைத்தவன் எதிரே உட்கார்ந்து தப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஐந்தாவது ஞாயிறு வழக்கமான இடம் வந்தது. பச்சைப் படை என் துறைமுகத்தை நெருங்கி, முன்னால் நின்ற ஐந்து படைக்கும் டீசல் தீர்ந்தது. நான் வளைக்க வந்தேன். என் சண்டையைத் தட்டினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை எழுத்தில் ஒவ்வொரு வரியாக வந்தது. இந்தப் படைக்கு டீசல் இல்லை, வண்டியை விட்டு நடந்து பின்வாங்கியது. அடுத்த படையும் பின்வாங்கியது. ஐந்தும் தப்பித்துவிட்டன.

ரிக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"மிஷினு மறுபடி தப்புப் பண்ணுதுங்க" என்றார். "டீசல் தீந்தா எறங்கி நடக்கக் கூடாது. நோட்டுல அப்படி இல்லீங்க."

எனக்குச் சாதகமாக, தம் படைக்கு எதிராக, அவர் வாதாடிக்கொண்டிருந்தார். மிஷின் சொல்வது சரியாக இருக்கலாம் என்று முணுமுணுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பகடையில் தப்புப் பண்ணிய மிஷின் இதிலும் பண்ணாதா? நோட்டு என்ன, லேசுப்பட்ட நோட்டா? என் கையால் எழுதியது. பையிலிருந்து அதை எடுத்தே விட்டார். அட்டை கிழிந்து, கிரீஸ் படிந்து, மராட்டியத்துச் செம்மண் ஏறிப்போன நோட்டு. டீசல் விதிகள் இருந்த பக்கத்தைப் புரட்டாமலே பிரித்து, என் முன்னால் வைத்து, விரலை வரிவரியாக ஓட்டினார்.

"பாருங்க. எங்கயாச்சும் இருக்குதுங்களா? அந்த அஞ்சு படையும் உங்களுதுங்க. எடுத்துக்குங்க. எனக்கு ஓசி வேண்டாமுங்க."

ஐந்து சில்லுகளையும் எடுத்து என் பக்கம் தள்ளினார். வாஷர் மேஜையில் உரசியது. அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை போலிருக்கிறது. விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பத்தியைக் காட்டினேன். தமிழில் சொன்னேன். புத்தகத்தில் இருக்கிறது, நோட்டில்தான் இல்லை, மறந்து விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது என்று சொன்னேன். முதல் ஆட்டத்தில் அவர் கேட்டபோது என் விரல் அதன் மேல் இருந்ததையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையை ஓங்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் விதிப் புத்தகத்தை வாங்கி, அந்தப் பத்தியை, தமக்குப் புரியாத அந்த ஆங்கிலத்தை, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"ஆட்டத்துல அப்படி இப்படித்தானுங்க, அது உடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "ராஜஸ்தான் போறதப் பத்திக் கேட்டன் பாருங்க. அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமுங்க."



நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, அந்த விதியை இப்போதே எழுதித் தரச் சொன்னார். டீசல் விதிகளுக்குக் கீழே இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினேன். எழுத்துக் கோணியது. அவர் படித்துப் பார்த்து, மை காயும் வரை ஊதினார். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். வரைபடத்தை மடித்தார். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போயிட்டு வாரேனுங்க என்றார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். திரை மட்டும் அடுத்த முறைக்காகக் காத்திருந்தது. நான்தான் அதை அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அலமாரியில் பெட்டி இருந்த இடத்தைத் துடைத்தபடி, வருவார், வராவிட்டால் நீங்கள் போங்கள் என்றாள். நான் போகவில்லை, தைரியம் இல்லை. தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் முறுக்கு வரவில்லை. தை முடிந்து, வடக்கேயிருந்து வந்த ஒரு ரிக் டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது, ரிக்காரர் வண்டியோடு ராஜஸ்தான் போயிருக்கிறார் என்று. என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் போனதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. கேட்கவில்லையே என்று வலிக்கவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஆடியில் ஒரு ஞாயிறு காலை அவருடைய ஜீப் எங்கள் தெருவில் நின்றது. கறுத்து, இளைத்து, உதடு வெடித்திருந்தார். கக்கத்தில் பெட்டி. மிஷின் வேண்டாம், கட்டிலிலேயே ஆடலாம் என்றார். என் மகள் வளர்ந்துவிட்டாள். அவளை அப்போதும் சாமி என்றுதான் கூப்பிட்டார். பாலைவனத்து மணலைப் பற்றியும், ஒட்டகத்தில் வந்த தண்ணீரைப் பற்றியும், எத்தனையாவது அடியில் ஈரம் கண்டது என்பதைப் பற்றியும் நாள் முழுக்கச் சொன்னார். எனக்கும் கேட்கப் பிடித்திருந்தது. அந்த ஆட்டத்தை அவர் ஜெயித்தார். அடுத்ததை நான். இன்னும் மூன்று ஆடி அப்படி மாறி மாறிப் போனது. பெட்டி இரண்டு வீட்டுக்கும் பழகியது. ஆனால் "என்ன பண்ணலாமுங்க வாத்தியாரே?" என்று அவர் என்னை மறுபடி கேட்கவே இல்லை. அவர் தம்பிக்குப் பாகம் பிரித்தது, பெண்ணுக்கு வரன் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியாக வரும்.

அவர் திரும்பி வந்த அந்த முதல் ஆட்டத்தில் ஒன்று நடந்தது. துறைமுகத்தை விட்டு ரொம்ப முன்னால் போன என் சிவப்புப் படை ஒன்றுக்கு டீசல் தீர்ந்தது. அவர் படைகள் இரண்டு பக்கமும் நின்றன. பத்து வருடப் பழக்கத்தில் நான் அதைச் செத்த படை என்றே எடுத்துக்கொண்டு, கையில் எடுத்துப் பெட்டியில் போடப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எறங்கி நடக்கலாமுங்க வாத்தியாரே. நோட்டுல போட்டிருக்குதுங்க."

நோட்டைப் பிரித்து, ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்த அந்தக் கோணல் எழுத்தைக் காட்டினார். நான் அதைப் படிக்கவில்லை. சில்லை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தேன்.